இரண்டாம் பக்கத்துப் பெட்டி

அலுவலகத்தில் அவரை 'வருத்தம் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, செய்கிற வேலையைப் பார்த்து வைத்த பெயர். மனிதர் நன்றாகவே சிரிப்பார், அடுத்தவர் சாப்பாட்டு டப்பாவில் கேட்காமல் கையை விடுகிற அளவுக்குக் கலகலப்பானவர். அவர் வேலை பார்க்கும் நாளிதழின் இரண்டாம் பக்கத்தில், இடப்பக்கக் கீழ் மூலையில், கறுப்புக் கோடு போட்ட ஒரு சின்னப் பெட்டி உண்டு. பத்திரிகை செய்த தப்பெல்லாம் அங்கேதான் வரும். நேற்று இப்படிச் சொன்னோம், அது தவறு, சரியானது இது, வருந்துகிறோம். அந்தப் பெட்டியை எழுதுகிறவர் அவர்.

மற்ற பத்திரிகைகள் தப்புச் செய்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருக்கும்போது, இது மட்டும் தினம் தன் தலையில் தானே குட்டிக்கொண்டது. அந்தக் குட்டுக்காகவே ஜனங்கள் இதை நம்பினார்கள். பத்திரிகையின் பெயரைப் போட்டுப் போனில் சுற்றுகிற போலிச் செய்திகளையும் அவர் அதே பெட்டியில் ஒரே வரியில் அடித்துவிடுவார். அதனால் எந்தக் குடும்பக் குழுவில் எந்தப் பூதாகரமான செய்தி வந்தாலும், யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "பெட்டியில வந்துச்சா?" வந்திருந்தால் பேச்சு முடிந்தது. தீப்பெட்டி அளவுள்ள இடத்துக்கு இவ்வளவு மரியாதை எப்படி வந்தது என்று பெரிய கட்டுரை எழுதுகிறவர்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல்.

அந்த மரியாதை சும்மா வந்துவிடவில்லை. அவருக்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. புகார் வந்தால், பாதிக்கப்பட்டவரிடம் அவரே போனில் பேசுவார். ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்பார். பெட்டி அச்சாகும் வரை செய்தியை எழுதிய நிருபரிடம் மூச்சு விடமாட்டார். சொன்னால் நிருபர் முந்திக்கொண்டு போய்ச் சம்பந்தப்பட்டவரைத் தாஜா செய்துவிடுவார் என்பது அவருடைய அனுபவம். அப்புறம், பெட்டி வெளியான அன்று அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கே போவார். கையில் கொடுத்து, நேரில் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். இதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, யாரும் செய்யச் சொல்லவுமில்லை.

இந்தப் பிடிவாதங்களை வைத்தே அவர் கண்ணில் மண்ணைத் தூவலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது. அந்த ஒருவர் வேற்று ஆளில்லை.

அவருடைய தங்கை அதே பத்திரிகையில் நிருபர். அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். அண்ணனும் தங்கையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அலுவலகப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார்கள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உட்கார்ந்தா பரீட்சை ஹால்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வாள்.

தங்கை எழுதிய செய்தி இதுதான். ஊரின் பெரிய பேரங்காடியில், மேல்மாடியில், குழந்தைகள் விளையாட்டு அரங்கம் ஒன்று இருந்தது. அங்கே குழந்தைகள் ஏறிக் குதிக்கிற வலையில் ஓரத்துச் சுருள்கம்பி ஒன்று கழன்றிருந்தது. வேலையாட்களுக்குத் தெரியும். சரிசெய்யாமல், மேலே ஒரு மெத்தை விரிப்பைப் போட்டு மூடிவிட்டார்கள். ஒரு குழந்தையின் கால் அதற்குள் போய் முறிந்துவிட்டது. தாய் சொன்னதைத் தங்கை அப்படியே எழுதியிருந்தாள். அடிபட்ட குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதில்லை என்பது பத்திரிகையின் வழக்கம். பெயரோ வயதோ வேறு எந்த விவரமோ இல்லை. வெறும் 'குழந்தை', 'தாய்', அவர்கள் இருக்கும் குடியிருப்பின் பெயர், அவ்வளவுதான்.

செய்தி வந்த அன்று ஆசிரியர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். ஆசிரியர் என்றால் அவருக்கு வெறும் மேலதிகாரி இல்லை. பெட்டி என்று ஒன்றை ஆரம்பித்து, "இதுக்கு நீதான் சரி தம்பி" என்று கையில் கொடுத்தவர். அவருடைய கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்.

"தம்பி, ஒரு சங்கடம்" என்றார் ஆசிரியர். "உன் தங்கச்சி எழுதினதுல தப்பு இருக்குன்னு அந்தக் குழந்தையோட அம்மாவே போன் பண்ணாங்க."

அவர் உடனே மறுத்தார். "அவ அப்படிச் செய்யமாட்டாளே சார்."

"எனக்கும் நம்ப முடியல. அதனாலதான் உன்கிட்ட விடறேன். வழக்கமா எப்படிச் செய்வியோ அப்படியே செய். தங்கச்சிங்கறதுக்காக வளைஞ்சு கொடுத்தேன்னு நாளைக்கு யாரும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசக்கூடாது பாரு." ஒரு எண்ணைச் சொன்னார். "அந்தம்மா நம்பர் மாத்திட்டாங்களாம். இதுதான் புதுசு."

அவர் அந்த எண்ணுக்குப் பேசினார். எடுத்த பெண், பத்திரிகையின் பெயரை அவர் சொன்னதுமே அழுதுவிட்டாள். "நான் அப்படிச் சொல்லவே இல்ல சார். எங்க வீட்டுப் படிக்கட்டுலதான் பையன் விழுந்தான். அந்த நிருபர் பொண்ணுதான், அரங்கத்தோட பேரைச் சேர்த்தா நஷ்டஈடு கிடைக்கும்னு சொல்லிச்சு. எனக்குப் பயமா இருக்கு சார்." அவர் விடவில்லை. எந்தப் படிக்கட்டு, அப்போது யார் இருந்தார்கள், நிருபர் எப்போது வந்தாள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் பிசகாமல் வந்தது. போனை வைத்துவிட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று நினைத்தார். எழுந்து அவள் மேஜை வரைக்கும் போனார். அவள் யாருடனோ போனில் பேசிக்கொண்டே அவரைப் பார்த்து, என்ன என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள். அவர் தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். மற்ற நிருபர்களுக்கு ஒரு சட்டம், தங்கைக்கு ஒரு சட்டமா என்று மனசு கேட்டது. மனசு சில சமயம் இப்படித்தான், யோக்கியன் மாதிரிப் பேசிக் குழியில் தள்ளிவிடும்.

பெட்டியை எழுதினார். 'விளையாட்டு அரங்கத்தில் குழந்தையின் கால் முறிந்ததாக வெளியிட்ட செய்தி தவறு. குழந்தை விழுந்தது வீட்டுப் படிக்கட்டில். குழந்தையின் தாயே இதை உறுதிசெய்தார். வருந்துகிறோம்.'

மறுநாள் காலை அவர் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் தங்கை சமையலறை மேஜையில் பத்திரிகையை விரித்துவைத்திருந்தாள். அவளுடைய போன் பக்கத்தில் நடுங்கிக்கொண்டே இருந்தது. பெட்டியைப் படமெடுத்து ஊர் முழுக்க அனுப்பியாயிற்று. அதற்குக் கீழே வந்த வசவுகளை அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, போனைக் குப்புறக் கவிழ்த்தாள்.

"இது நீ எழுதினதா அண்ணா?"

"ஆமா."

"யாரைக் கேட்டு?"

"அந்தம்மாவைத்தான். நானே பேசினேன். அழுதாங்க."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்களே" என்றாள், அவரிடம் இல்லை, மேஜையிடம். "அப்படி நம்பிக்கையாச் சொன்னவங்க உன்கிட்ட எப்படி மாத்திச் சொல்வாங்க?"

"பயந்திருப்பாங்க."

"சரி, அவங்க பயந்தாங்க. நீ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"உனக்குத் தெரியும்ல, நான் யாரையும் கேக்கறதில்ல."

"நான் யாரோவா?"

அலுவலகத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. விசாரணை முடியும் வரை வரவேண்டாம் என்றார்கள். அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் சூடு இருந்தது. "உங்க நேர்மையைக் கொண்டுபோய் உப்புல போட்டு வைங்க" என்றாள்.

அவருக்கு ரோஷம் வந்தது. தான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்று தனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வழக்கம்போலப் பத்திரிகையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அந்தத் தாயைப் பார்க்கக் கிளம்பினார்.

குடியிருப்பு வாசலில் காவலாளியிடம் விசாரித்தார். "கால் உடைஞ்ச குழந்தை வீடா? நஷ்டஈட்டம்மா வீடுன்னு சொல்லுங்க" என்று சிரித்தார் காவலாளி. பெட்டி வந்து அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பட்டப்பெயர் வைத்தாயிற்று. ஜனங்களுக்கு எதில் தாமதம் ஆனாலும் இதில் ஆவதில்லை.

மேல்மாடிக்குப் போக மின்தூக்கிதான். அந்த வீட்டுக்கென்று படிக்கட்டு எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கதவைத் திறந்த பெண் கடைக்காரர்கள் போடும் நீலச் சட்டையில் இருந்தாள். பேரங்காடியின் கீழ்த்தளத்துக் கடையில் பில் போடுகிறவள். அவளுக்குப் பின்னால் சோபாவில், காலை நீட்டிக்கொண்டு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். தொடை வரை மாவுக்கட்டு. கட்டின்மேல் யாரோ பூனைகளாக வரைந்து தள்ளியிருந்தார்கள்.

"பத்திரிகை ஆபீஸ்லேர்ந்து வரேம்மா. நேத்து போன்ல பேசினேனே." புன்னகையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். "பாப்பாவுக்கும் அடியா? பையன் எப்படி இருக்கான்?"

"எந்தப் பையன்?"

"உங்க பையன்மா. படிக்கட்டுல விழுந்தானே."

"எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான்" என்றாள் அவள். "என்கிட்ட யாரும் போன்ல பேசல."

போனில் அழுத பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் செய்தியில் இருந்தது மட்டும்தான். செய்தியில் 'குழந்தை' என்று இருந்தது. மீதியை அவள் உத்தேசமாகச் சொல்லியிருக்கிறாள். இது அந்த வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி, அவருக்குப் புரிந்தது. அவள் பதில்கள் ஏன் ஓரிடத்திலும் பிசகவில்லை என்பதும் சேர்ந்து புரிந்தது. நிஜமாக நடந்ததைச் சொல்கிறவர்கள் கொஞ்சமாவது தடுமாறுவார்கள். இத்தனை காலம் இந்த வேலை பார்த்தவருக்கு அது தெரியாமல் போயிற்று.

அவர் பையிலிருந்து எடுத்து நீட்டிய பத்திரிகையைத் தாய் வாங்கவில்லை. "காலையிலேயே பாத்துட்டேன். யார் யாரோ அனுப்பினாங்க. கடையில ரெண்டு பேர் வந்து என்னைப் படம் எடுத்தாங்க. வீட்டுக்குப் போன்னு மேனேஜர் அனுப்பிட்டாரு." பெட்டியைத் தொடாமல் விரலால் காட்டினாள். "இதை யார் எழுதினது?"

"நான்தான்மா."

அவள் திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். "நான் எப்பவும் அந்தப் பெட்டியைப் பாத்துட்டுத்தான் சார் எதையும் நம்புவேன்" என்றாள். "இன்னைக்குப் படிச்சப்ப, ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை வீட்லதான் விழுந்தாளோ, நாமதான் பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டோமோன்னு. இவகிட்டயே போய்க் கேட்டேன், 'எங்கடி விழுந்தே?'ன்னு."

சிறுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அவருக்கு மிகவும் பழக்கமான அந்த வார்த்தை வரவில்லை. கதவு மூடிக்கொண்டது.

அவர் நேராக அலுவலகத்துக்குப் போனபோது ஆசிரியர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உட்காரவில்லை.

"அந்த நம்பர் யாரோடது சார்?"

ஆசிரியர் அவரை நிமிர்ந்து பார்த்தார், கோப்பையை வைத்தார். மறுப்பார் என்று நினைத்தால் அதுகூட இல்லை. "நேர்ல போய்ட்டியா? ஆமா, நீ போவியே. அதை மறந்துட்டேன்" என்றார். "அரங்கத்துக்காரங்க ஏற்பாடு பண்ணின பொண்ணு. யாருன்னு எனக்கும் தெரியாது."

"ஏன் சார்?"

"அந்த அரங்கத்து முதலாளி இந்தப் பத்திரிகையையே விலைக்கு வாங்கறாரு. கையெழுத்தாகப் போகுது. ஆகலைன்னா இங்க ஒருத்தன் வீட்டுலயும் அடுப்பு எரியாது. உன் வீட்டையும் சேர்த்துத்தான்."

"மறுப்புச் செய்தின்னு உங்க பேர்ல போட்டிருக்கலாமே. முதல் பக்கத்துலயே போட்டிருக்கலாமே."

"என் பேர்ல போட்டா யார் நம்புவாங்க?" ஆசிரியர் அதை வருத்தமாகவே சொன்னார். "முதல் பக்கத்தை யார் நம்பறாங்க தம்பி? ஜனங்க நம்பறது ஒண்ணே ஒண்ணுதான். நீயும் தெரிஞ்சே பொய் எழுதமாட்டே. அதனால உனக்குத் தெரியாம இருக்கணும்னு ஆயிடுச்சு."

இந்த மனிதர் தன்னை ஏமாற்றினார் என்பதுகூட அவருக்குப் பெரிசாகத் தெரியவில்லை. தன்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு ஏமாற்றினார் என்பதுதான் நெஞ்சை அறுத்தது. தங்கையிடம் கேட்கமாட்டார் என்று தெரியும். தங்கை என்பதாலேயே இன்னும் கறாராக இருப்பார் என்றும் தெரியும். கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட கை அது.

"நாளைக்குப் பெட்டியில உண்மையைப் போடறேன்" என்றார்.

"நாளைக்குப் பெட்டி நீ எழுதல" என்றார் ஆசிரியர். "போய் ஓய்வெடு."

அலுவலகத்துக்கு எதிரே பேருந்து நிறுத்த இருக்கையில் உட்கார்ந்து, அவர் தன் போனிலேயே எழுதினார். எழுதத் தெரிந்த ஒரே விதத்தில்தான் எழுதினார். இன்று பெட்டியில் வந்தது தவறு, எழுதியது நான், என்னை ஏமாற்றி எழுதவைத்தார்கள், குழந்தை அடிபட்டது அரங்கத்தில்தான், வருந்துகிறேன். தன் பெயரையும் போட்டு, தெரிந்த குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார். 'வருந்துகிறேன்' என்று ஒருமையில் எழுதுவது அவருக்குப் புதிதாக இருந்தது.

பதில்கள் சுறுசுறுப்பாக வந்தன. 'பத்திரிகைச் சின்னமே இல்லையே.' 'வருத்தம் சார் பேரை வெச்சு யாரோ விளையாடறாங்க, நம்பாதீங்க.' அவருடைய சொந்த மைத்துனர், அவரோடு வாரம் தவறாமல் சீட்டாடுகிறவர், குடும்பக் குழுவில் கேட்டிருந்தார்: 'மாமா, இது நீங்கதானா? பெட்டியில வந்துச்சா?'

அவர் பதில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பத்திரிகையின் இணையப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்துவிட்டது. அதே கறுப்புக் கோடு, அதே எழுத்து. 'எமது பணியாளர் பெயரில் பரவும் பதிவு போலி. வாசகர்கள் நம்ப வேண்டாம். வருந்துகிறோம்.' அதற்குப் பிறகு ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மைத்துனர் ஒரு கும்பிடு படத்தைப் போட்டு, 'நல்லவேளை, ஏமாற இருந்தேன்' என்று முடித்துக்கொண்டார்.

தான் கட்டிய சுவரில் தானே போய் முட்டிக்கொண்டு நிற்பதை நினைத்து அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்தபோது தங்கை சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அண்ணி அவளுக்கு முன்னால் தட்டை வைத்திருந்தாள், அது தொடாமல் ஆறியிருந்தது. அவர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எண், அழுகை, பையன், பூனை வரைந்த மாவுக்கட்டு, தேநீர்க் கோப்பை, ஒன்றையும் விடவில்லை. தன்னை நல்லவனாகக் காட்டுகிற ஒரு சொல்கூட அதில் இல்லாமல் பார்த்துக்கொண்டார். சொல்லி முடித்ததும் அவள் அழுவாள், இல்லை அடிப்பாள் என்று நினைத்தார். இரண்டுக்கும் தயாராக இருந்தார்.

அவள் போனை எடுத்து ஓர் எண்ணை அழைத்தாள். அந்தத் தாயின் எண். அது மாறவே இல்லை.

"அக்கா, நான்தான். இன்னைக்கு உங்க வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?" கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்தவர் என்ன கேட்டாரு? அப்படியே சொல்லுங்க. பையன்னு சொன்னாரா? சரி. நாளைக்கு நான் நேர்ல வரேன். நீங்க என்னை நம்பணும்னு அவசியம் இல்ல, என்கிட்ட பேசினா போதும்." போனை வைத்தாள்.

"நான் சொன்னது சரிதானான்னு பாத்தியா?" என்றார் அவர்.

"ஆமா. இதை வேற பத்திரிகைக்கு எழுதப் போறேன். ஒரே ஒருத்தர் சொன்னதை வெச்சு எழுத முடியாது."

அவள் போனில் ஒலிப்பதிவை அழுத்தி, மேஜையில் அவருக்கு நேராக நகர்த்தி வைத்தாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவரை நீ, வா, போ என்று கூப்பிட்டு வளர்ந்தவள், வெளியாள் ஒருவரிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"சொல்லுங்க. அந்தப் பெட்டியை எழுதினது யாரு?"

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள். குழாயை மூடினாள்.

"நான்தான்" என்றார் அவர்.

"எழுதறதுக்கு முன்னாடி, செய்தி போட்ட நிருபர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன்?"

இதற்கு அவரிடம் ஆயத்தமான பதில் ஒன்று இருந்தது. எத்தனையோ நிருபர்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறார், காலையில் அவளுக்கும் சொன்னார். இப்போது அதை எடுக்கக் கூச்சமாக இருந்தது.

"அவ என் தங்கச்சி" என்றார்.

அவள் குனிந்து போனின் திரையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள். "சரியாப் பதிவாகல."